மிச்சம் வையுங்கள்

இந்த நகரத்தில் எங்கே நன்றாகச் சாப்பிடலாம் என்று ஆட்டோக்காரரைக் கேட்பார்கள், அலுவலகத்தில் பக்கத்து இருக்கைக்காரரைக் கேட்பார்கள், கையில் இருக்கிற போனைக் கேட்பார்கள். தட்டு கழுவுகிறவளை மட்டும் ஒருவரும் கேட்க மாட்டார்கள். கேட்டிருந்தால் இந்த ஊரில் பாதிப் பேர் வயிற்றைக் கெடுத்துக்கொண்டிருக்க மாட்டார்கள்.

நான் இருபத்தாறு வருடமாக எச்சில் தட்டு கழுவுகிறவள். பதினொரு கடைகள் பார்த்துவிட்டேன். வாசலில் பூந்தொட்டி வைத்த கடை, கதவைத் திறந்துவிடுவதற்கென்றே சீருடையில் ஓர் ஆள் நிற்கிற கடை, விளக்கைப் பாதி அணைத்துவிட்டு அதற்குத் தனி மரியாதை எதிர்பார்க்கிற கடை, எல்லாவற்றின் பின்பக்கமும் எனக்குத் தெரியும். முன்னால் உட்கார்ந்து சாப்பிடுகிறவர் வாயைத் துடைத்துக்கொண்டு "பிரமாதம்" என்று சொல்லிவிட்டுப் போவார். அவர் தட்டு என்னிடம் வந்து உண்மையைச் சொல்லும். குழம்பை ஊற்றிப் பிசைந்துவிட்டுப் பாதிச் சோற்றை அப்படியே விட்டிருந்தால் உப்பு தூக்கல். விளிம்பில் உப்புத் தூள் ஒட்டிக்கொண்டிருந்தால் உப்பு குறைவு. மிளகாய்த் துண்டுகளைப் பொறுக்கி வரிசையாக அடுக்கியிருந்தால், பாவம், எவரோ ஒரு பொறுமைசாலி கண்ணில் தண்ணீரோடு சாப்பிட்டிருக்கிறார். மனிதர்கள் முகத்துக்காகப் பேசுவார்கள். தட்டு அப்படிப் பேசி நான் பார்த்ததில்லை.

அதனால் இப்போது கேளுங்கள், சொல்கிறேன். இந்த நகரத்தில் நன்றாகச் சாப்பிட வேண்டுமானால் என் தங்கை கடைக்கு வாருங்கள். பேருந்துப் பணிமனைக்குப் பின்னால், மூக்குக்கண்ணாடிக் கடைக்கும் தையல் கடைக்கும் நடுவில். எட்டு மேசை. பலகையில் "சாப்பாடு" என்று மட்டும் எழுதியிருக்கும். பதினொன்றரைக்குத் திறந்து மூன்றரைக்கு மூடுவோம். சோறு, பருப்பு, ஒரு கீரை, ஒரு காய், ஒரு மீன் குழம்பு. அவ்வளவுதான். வேறு எதையாவது கேட்டால் வேறு எங்காவது போங்கள்.

என் தங்கை என்பதால் சொல்கிறேன் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஒரு விஷயம் தெரிந்துகொண்டு நினையுங்கள். என் தங்கைக்கு ருசி தெரியாது. வாசனையும் தெரியாது.

மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு காய்ச்சல் வந்து பத்து நாள் படுத்தாள். எழுந்தபோது காய்ச்சலோடு நாக்கும் மூக்கும் போயிருந்தன. டாக்டர், "திரும்பி வரலாம், வராமலும் போகலாம்" என்றார். இதைச் சொல்ல எதற்குப் படித்தாரோ! அப்போது நான் கதவு திறக்கிற ஆள் நிற்கும் ஓட்டலில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். தங்கை போன் செய்தாள். போய்ப் பார்த்தால், சமையற்கட்டில் தரையில் உட்கார்ந்து ஒரு முழு எலுமிச்சம்பழத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். சாறு முழங்கை வரை வழிந்திருந்தது. முகம் ஒரு சுளிப்புச் சுளிக்கவில்லை.

"அக்கா, தண்ணியாட்டம் இருக்குக்கா" என்றாள்.

"மாப்பிள்ளைகிட்ட சொன்னியா?"

"ஐயோ, அவருகிட்ட மூச்சு விட்றாதீங்க. தெரிஞ்சா பாசமா ஒரு சமையல்காரர வச்சிட்டு என்னக் கல்லாவுல உக்கார வச்சிருவாரு. அந்த அடுப்ப விட்டா எனக்கு என்னக்கா இருக்கு?"

மாப்பிள்ளையைப் பற்றிச் சொல்ல வேண்டும். தங்கை வீட்டுக்காரர் நல்ல மனுஷர், கெட்ட பழக்கம் ஒன்றும் கிடையாது. வாய் மட்டும் மூடாது. நான் அவருக்கு வைத்த பெயர் ஒலிபெருக்கி. "என் வீட்டுக்காரி நாக்கு இருக்கே, அது நாக்கில்ல சார், தராசு!" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் தம்பட்டம் அடிப்பார். மனைவி எதைச் சமைத்தாலும் "ஆஹா" என்பார். ஒருமுறை பருப்பு அடிப்பிடித்துப் புகை வந்ததற்கும் "ஆஹா, ஒரு தனி வாசம்" என்றார். கல்யாணமாகிப் பதினாறு வருடத்தில் அவர் தட்டில் ஒரு பருக்கை மிச்சமிருந்து நான் பார்த்ததில்லை. இப்படிப்பட்டவரை வைத்து உப்பு பார்ப்பது எப்படி?

நீதானே ருசி பார்த்திருக்க வேண்டும் என்று கேட்பீர்கள். பார்த்தேனே. பெரிய ஓட்டல் வேலையை உதறிவிட்டு மறுநாளே இங்கே வந்து கரண்டியைப் பிடித்தேன். எனக்குச் சின்ன வயதிலிருந்தே காரம் கண்ணில் நீர் வரவழைத்தால்தான் சாப்பாடு. நான் "சரியா இருக்கு" என்று சொன்ன குழம்பைச் சாப்பிட்டு முதல் வாரம் இரண்டு பேர் விக்கி, ஒருவர் பாதியில் எழுந்து ஓடினார். கண்ணாடிக் கடைக்காரர் ஒரு வாரம் இந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை. அன்று தொட்டியில் வந்து விழுந்த தட்டுகளைப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. என் ஒரு நாக்கு எதற்கு? தொண்ணூறு நாக்கு தினமும் என் கைக்கு வருகிறதே!

அன்றிலிருந்து எங்கள் தொழில் இப்படித்தான் நடக்கிறது. எச்சில் தட்டை எவரும் தொடக் கூடாது, துடைக்கக் கூடாது, சாப்பிட்டவர் வைத்தபடியே என்னிடம் வர வேண்டும். முதல் பத்துத் தட்டை நான் பார்ப்பேன். உப்பு குறைந்தால் கரண்டியால் தொட்டி விளிம்பில் 'ணங்' என்று ஒரு அடி. உப்பு கூடினால் இரண்டு. காரம் கூடினால் மூன்று. எல்லாம் சரியென்றால் சத்தமே கிடையாது. சுவருக்கு அந்தப் பக்கம் அடுப்பில் நிற்கிறவள் அதைக் கேட்டு அரை நிமிடத்தில் சரி செய்துவிடுவாள். எவ்வளவு போட வேண்டும் என்பது அவள் விரல்களுக்குத் தெரியும். எதைப் போட வேண்டும் என்பதை நான் சொல்கிறேன். ஒலிபெருக்கி இதைக் கேட்டுவிட்டு வாடிக்கையாளர்களிடம், "அது எங்க அக்கா, மூக்கு மேல கோவம். பாத்திரத்துல காட்டுறாங்க" என்று சிரிப்பார். சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டேன். எங்கள் ரகசியம் அந்தச் சிரிப்புக்குள் பத்திரமாக இருந்தது.

மூன்று வருடம் ஓடியது. கடையில் இடம் கிடைக்க ஆட்கள் நடைபாதையில் நின்றார்கள்.

ஒரு நாள் ஒலிபெருக்கி தலைகால் புரியாமல் ஓடிவந்தார். பெரிய பத்திரிகையில் ஞாயிறுதோறும் எழுதுகிற ஒரு பெண்மணி, இந்த நகரத்தில் எங்கே நன்றாகச் சாப்பிடலாம் என்று ஒரு பட்டியல் போடப் போகிறாராம். இவர் நேரே பத்திரிகை அலுவலகத்துக்கே போய், வரவேற்பறையில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து, அந்த அம்மாவைப் பிடித்துப் பேசிவிட்டு வந்திருக்கிறார்.

"வியாழக்கிழமை வர்றாங்க! உன் நாக்கப் பத்தி அரை மணி நேரம் சொன்னேன். அப்படியே அசந்துட்டாங்க!"

தங்கை முகத்தில் ஈயாடவில்லை. அவர் முன்பக்கம் போனதும் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, வியாழக்கிழமை தப்பா போச்சுன்னா நான் கரண்டியக் கீழ வச்சிடுவேன். அப்புறம் என்னக் கேக்காதீங்க."

"என்னடி பேச்சு இது? ஒரு நாள் தப்பானா..."

"இல்லக்கா. நாக்கு இல்லாதவ அடுப்புல நிக்கலாமான்னு தினமும் காலையில என்னையே கேட்டுக்கறேன். தட்டு வந்ததும்தான் மனசு ஆறுது. ஊர் முன்னாடி ஒரு தடவ தோத்துட்டா அந்தக் கேள்விக்குப் பதில் வந்துரும்."

எனக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன. எனக்குப் பழக்கமானது கோபம்தான் என்பதால் அதைக் காட்டினேன். "போய் அரிசியக் களை. வியாழக்கிழமைய நான் பாத்துக்கறேன்" என்றேன்.

வியாழக்கிழமை காலை தரையில் முகம் பார்க்கலாம் போல் இருந்தது. ஒலிபெருக்கி இஸ்திரி போட்ட சட்டையில் இங்கும் அங்கும் ஓடிக்கொண்டிருந்தார். தங்கைக்குக் கை ஓடவில்லை, கால் ஓடவில்லை. மீன் குழம்பு கொதிக்கும்போது வாய்க்குள் எண்ணிக்கொண்டே உப்பு போட்டதைப் பார்த்தேன். நடுவில் ஒலிபெருக்கி வந்து "அந்தம்மா கிளம்பிட்டாங்களாம்" என்றார், அவள் எண்ணுவதை நிறுத்தி அவரைப் பார்த்தாள். பிறகு மறுபடியும் உப்பு டப்பாவைத் திறந்தாளா இல்லையா என்று நான் கவனிக்கவில்லை. அதற்குள் முதல் பந்தி உட்கார்ந்துவிட்டது.

பதினொன்றே முக்காலுக்குத் தட்டுகள் வரத் தொடங்கின. முதல் தட்டு துடைத்து வைத்ததுபோல் இருந்தது. இரண்டாவதும் அப்படியே. ஐந்து, பத்து, பதினைந்து. ஒரு பருக்கை இல்லை, ஒரு சொட்டுக் குழம்பு இல்லை. என் தங்கைடா என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. கரண்டியைத் தொடவே இல்லை. சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து அவள் குரல் மெதுவாக வந்தது.

"அக்கா, சத்தமே காணோமே?"

"ஒன்னும் இல்லடி. எல்லாம் வழிச்சுத் தின்னிருக்காங்க!"

பன்னிரண்டரைக்கு வாசலில் ஒலிபெருக்கியின் குரல் உச்சத்துக்குப் போனது. அந்த அம்மா வந்துவிட்டார். நான் எட்டிப் பார்த்தேன். நாற்பது வயதிருக்கும், பருத்திச் சேலை, கையில் ஒரு சின்ன நோட்டு. ஜன்னல் ஓர மேசையில் உட்கார்ந்தார்.

நான் திரும்பிவந்து டம்ளர்களைக் கழுவ எடுத்தேன். அப்போதுதான் கை நின்றது. பத்தொன்பது தட்டு வந்திருந்தது. டம்ளர் நாற்பதுக்கு மேல் இருந்தது. ஒவ்வொருவரும் இரண்டு டம்ளர், சிலர் மூன்று டம்ளர் தண்ணீர் குடித்திருந்தார்கள். கூடத்துக் குடிதண்ணீர்ப் பானையை இரண்டு முறை நிரப்பியதும் நினைவுக்கு வந்தது. உப்பு சரியாக இருக்கிற சாப்பாட்டுக்கு எவன் மூன்று டம்ளர் தண்ணீர் குடிப்பான்?

அப்படியானால் தட்டு எப்படிச் சுத்தமாக வந்தது? நடைவழிக்கு ஓடினேன். கூடத்துக்கும் தொட்டிக்கும் நடுவில், கதவுக்குப் பின்னால், புதிதாக ஒரு மூடி போட்ட வாளி. திறந்தேன். வாளி நிறைய மீன் குழம்பும் சோறும். பக்கத்தில் தட்டுகளைத் துடைத்துப் போட்ட காகிதக் குவியல்.

ஒலிபெருக்கி கையில் இரண்டு தட்டுகளோடு வந்தார். என்னைப் பார்த்ததும் வாயெல்லாம் பல்.

"அக்கா, பாத்தீங்களா? அந்தம்மா உள்ள வந்து பாத்தா எச்சில் தட்டாக் கிடக்கக் கூடாதுல்ல, அதான் எல்லாத்தையும் வழிச்சுத் தொடச்சு அனுப்புறேன். உங்களுக்கும் வேல மிச்சம்!"

அவரை என்ன செய்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. செய்ய நேரமில்லை. அந்த அம்மாவின் மேசைக்குத் தட்டு போயாகிவிட்டது. ஈரக் கையோடு, இடுப்பில் சொருகிய சேலையோடு, மூன்று வருடத்தில் முதல்முறையாகக் கூடத்துக்கு ஓடினேன். அந்த அம்மா குழம்பு ஊற்றிப் பிசைந்து முதல் கவளத்தைத் தூக்கியிருந்தார். நான் தட்டை அப்படியே இழுத்துவிட்டேன்.

கூடம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

"என்னாச்சு?" என்றார் அவர். கவளம் கையிலேயே இருந்தது.

"சாப்பிடாதீங்கம்மா. உப்பு கூடிருச்சு."

"நீங்க ருசி பாத்தீங்களா?"

"இல்ல."

"அப்ப எப்படித் தெரியும்?"

உண்மையைச் சொன்னால் தங்கையின் ரகசியம் போகும். சொல்லாவிட்டால் பைத்தியக்காரி என்பார்கள். பைத்தியக்காரி என்றே சொல்லட்டும் என்று தலையைக் குனிந்துகொண்டேன். ஒலிபெருக்கி பின்னாலேயே ஓடிவந்து, "மன்னிச்சுக்குங்கம்மா, அக்காவுக்குக் கொஞ்சம் கோவம் ஜாஸ்தி. குழம்புல எல்லாம் தப்பே வராது, என் வீட்டுக்காரி நாக்கு..." என்று ஆரம்பித்தார்.

"எனக்கு நாக்கு இல்லைங்க."

சமையற்கட்டு வாசலில் தங்கை நின்றிருந்தாள். கையில் கரண்டி.

"காய்ச்சல் வந்து மூணு வருஷம் ஆச்சு. அன்னைலேருந்து எனக்கு உப்பும் தெரியாது, புளிப்பும் தெரியாது. நீங்க எல்லாரும் வைக்கிற மிச்சத்த எங்கக்கா பாத்து எனக்குச் சொல்லுவாங்க. அத வச்சுத்தான் சமைக்கிறேன். இன்னைக்குத் தட்டு எல்லாம் தொடச்சு வந்துருச்சு, அதான் தெரியாமப் போச்சு. தப்பு எங்கக்கா மேல இல்ல. ரெண்டு தடவ உப்பு போட்டது நான்."

ஒலிபெருக்கி வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை. அவர் அப்படி நின்று நான் பார்த்ததே கிடையாது. பிறகு மிகவும் மெதுவாக, அவள் ஒருத்திக்கு மட்டும் கேட்கிற மாதிரி கேட்டார்.

"மூணு வருஷமா நீ எதையுமே ருசிக்கலையா? எங்கிட்ட ஏம்மா சொல்லல?"

அவள் கரண்டியை மேசைமேல் வைக்கப் போனாள். வைத்தால் எடுக்க மாட்டாள் என்று எனக்குத் தெரியும். "அத ஏன் அங்க வைக்கிற?" என்று போட்டேன் ஒரு சத்தம். "பசியோட ஒரு அம்மா உக்காந்திருக்காங்க. போய் வேற குழம்பு வை!"

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு அந்த அம்மாவைப் பார்த்தாள். அந்த அம்மா கையிலிருந்த கவளத்தை நிதானமாக வாயில் போட்டு, மென்று, விழுங்கி, ஒரு டம்ளர் தண்ணீரைக் குடித்து முடித்தார்.

"ஆமா, உப்புதான்" என்றார். "எவ்வளவு நேரமாகும்?"

"முக்கால் மணி நேரம்" என்றாள் தங்கை.

"இருக்கேன். அதுவரைக்கும் உங்கக்காவோட தொட்டிகிட்ட உக்காந்துக்கவா?"

உட்கார்ந்தார். கவிழ்த்த வாளிமேல், பருத்திச் சேலையை மடக்கிக்கொண்டு. புதுக் குழம்பு இறங்கி இரண்டாவது பந்தியின் தட்டுகள் வழிக்காமல் துடைக்காமல் வந்தன. ஒவ்வொன்றாகக் காட்டினேன். "இது உப்பு இல்லம்மா, இவருக்கு மீன் முள்ளு பயம். இது பல்லு வலி, ஒரு பக்கமாவே மென்னுருக்காரு. இது கீரையப் பிடிக்காத ஆளு, எது போட்டாலும் வைப்பாரு, இவரக் கணக்குல சேக்கக் கூடாது." உப்பு ஒரு துளி குறைவு என்று தெரிந்ததும் கரண்டியை எடுத்து 'ணங்' என்றேன். சுவருக்கு அந்தப் பக்கம் டப்பா திறக்கும் சத்தம் கேட்டது. அந்த அம்மா நோட்டை மடியில் வைத்துவிட்டுச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் அவரும் சாப்பிட்டார். அவர் தட்டைப் பார்த்தேன். மீன் முள்ளும் ஒரு கறிவேப்பிலையும்தான் இருந்தன. அது போதும் எனக்கு.

ஞாயிற்றுக்கிழமை பத்திரிகை வந்தது. இருபது இடங்கள். எங்கள் கடை கடைசியில், தனியாகக் கட்டம் கட்டி. "இங்கே சமைப்பவருக்கு ருசி தெரியாது. ஆனால் சாப்பிடுகிறவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்று இந்த நகரத்தில் வேறு எந்தச் சமையற்கட்டும் இவ்வளவு கவனமாகக் கேட்பதில்லை" என்று எழுதியிருந்தார். அதை நான்தான் சத்தம் போட்டுப் படித்தேன். ஒலிபெருக்கி படிக்கவில்லை. அந்த வியாழனிலிருந்து அவர் தேவைக்குமேல் ஒரு வார்த்தை பேசவில்லை. கல்லாவில் உட்கார்ந்து ஜன்னலையே பார்த்துக்கொண்டிருப்பார். இரண்டாவது நாள் என்னிடம் மட்டும், "நான் நல்லாருக்கு நல்லாருக்குன்னு சொன்னதெல்லாம் அவளுக்கு ஒன்னுத்துக்கும் ஆகலல்லக்கா?" என்று கேட்டார். வாளியைத் திறந்த அன்று அவரைத் திட்ட எவ்வளவோ சேர்த்துவைத்திருந்தேன். எல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை.

திங்கட்கிழமை கூட்டம் அம்மியது. நடைபாதையில் வரிசை தையல் கடையைத் தாண்டிப் போனது. தங்கை முகத்தில் ஒரு வெளிச்சம். ஊருக்கே தெரிந்துவிட்டது, ஊர் ஏற்றுக்கொண்டுவிட்டது, இனி ஒளிக்க எதுவுமில்லை.

தட்டுகள் வந்தன. எல்லாம் சுத்தம்.

ஒலிபெருக்கியை முறைத்தேன். அவர் இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டினார். வாளி இல்லை, காகிதமும் இல்லை. செவ்வாய்க்கிழமையும் சுத்தம். கீரையைப் பிடிக்காத ஆளின் தட்டு உட்பட! எனக்கு அப்போதே சந்தேகம். புதன்கிழமை பன்னிரண்டு மணிக்குத் தங்கை தொட்டிப் பக்கம் வந்தாள்.

"என்னக்கா வருது?"

"முப்பத்தோரு தட்டு. ஒன்னுலயும் மிச்சமில்ல."

"பருப்பு?"

"பருப்பும்தான். ஏன்டி?"

"பருப்புல வேணும்னுதான் நான் உப்பே போடலக்கா" என்றாள்.

நான் மேசைகளிலிருந்த உப்புக் கிண்ணங்களை எட்டிப் பார்த்தேன். ஒருவரும் தொடவில்லை. வெறும் தண்ணீரில் வேகவைத்த பருப்பை முப்பத்தோரு பேர் முகம் சுளிக்காமல் வழித்துத் தின்றுவிட்டு எழுந்து போயிருக்கிறார்கள். தங்கை அரிசி மூட்டையில் சரிந்து உட்கார்ந்தாள்.

"இரக்கப்படுறாங்கக்கா. இனிமே எனக்கு யாரும் உண்மையச் சொல்ல மாட்டாங்க. இதுக்கு அந்த அம்மா திட்டியே எழுதியிருக்கலாம்."

கையிலிருந்த தேங்காய் நாரை வீசிவிட்டுக் கூடத்துக்குப் போனேன். இந்த முறை தலையைக் குனியவில்லை. எட்டு மேசையும் நிறைந்திருந்தது.

"பருப்பு எப்படி இருக்கு?" என்று கேட்டேன்.

"ரொம்ப நல்லாருக்கும்மா" என்று நாலைந்து பேர் ஒன்றாகச் சொன்னார்கள்.

"அதுல உப்பே இல்ல."

கடைசியில் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் தொண்டையைக் கனைத்தார். "தெரியும்மா. பாவம், அந்தப் பொண்ணு மனசு கஷ்டப்படக் கூடாதேன்னுதான்..."

"பாவமா? யாரப் பாத்துப் பாவம்ங்கறீங்க?" எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டது. "மூணு வருஷமா நாக்கு இல்லாம உங்களுக்கெல்லாம் ருசியா ஆக்கிப் போட்டவ அவ. நாக்கு இருக்கிற எத்தன பேரு இந்த ஊர்ல அப்படி ஆக்குறான்? நான் பதினோரு கடையில கழுவியிருக்கேன், எங்கிட்ட சொல்லாதீங்க. அவ உங்ககிட்ட இரக்கமா கேட்டா? நல்லா இருக்கா இல்லையான்னு கேட்டா. ஒழுங்காப் பதில் சொல்லிட்டு இருந்தீங்க. இப்ப எல்லாரும் சேந்து பொய் சொல்றீங்க. பிடிச்சா வழிச்சுத் தின்னுங்க. பிடிக்கலையா, மிச்சம் வைங்க! மிச்சம் வைக்க மனசு வராதவங்க நாளைலேருந்து வேற கடையப் பாத்துக்குங்க."

கண்ணாடிக் கடைக்காரர் தன் பருப்புக் கிண்ணத்தைப் பார்த்தார். பிறகு ஒரே தள்ளாக என் பக்கம் தள்ளினார்.

"அப்ப இத எடுத்துட்டுப் போங்கம்மா. சத்தியமா வாயில வைக்க முடியல."

முதலில் பக்கத்து மேசைக்காரர் சிரித்தார். பிறகு கூடமே சிரித்தது. கிண்ணங்கள் ஒவ்வொன்றாகத் தள்ளப்பட்டு வந்தன. சமையற்கட்டில் தங்கை சிரிக்கிற சத்தம் கேட்டது. அவள் அப்படிச் சிரித்து மூன்று வருடமாகிறது.

கிண்ணங்களை அள்ளிக்கொண்டு போய்த் தொட்டியில் போட்டேன். கரண்டியை எடுத்து 'ணங்' என்று ஓங்கி ஒரு அடி. "தெரியுதுக்கா, தெரியுதுக்கா, போட்டுட்டேன்!" என்று கத்தினாள். அன்று கடை மூடும் வரை தட்டுகள் பழையபடி பேசின. கீரை பிடிக்காதவர் அதை மூலையில் ஒதுக்கியிருந்தார். அதைப் பார்த்து நான் மகிழ்ச்சியடைவேன் என்று எவர் நினைத்தார்!

மூன்றரைக்குக் கதவைச் சாத்தினோம். ஒலிபெருக்கி எப்போதும் கடைசியில்தான் சாப்பிடுவார். ஜன்னல் ஓர மேசையில் தனியாக உட்கார்ந்து, மெதுவாக, ஒவ்வொரு வாயாக, எதையோ யோசித்தபடி சாப்பிட்டார். வழக்கமான "ஆஹா" வரவில்லை. தங்கை தொட்டிப் பக்கம் என்னோடு நின்று டம்ளர் துடைத்துக்கொண்டிருந்தாள். அவர் தட்டைத் தானே எடுத்துக்கொண்டு வந்தார். வழிக்கவில்லை, துடைக்கவில்லை.

தட்டின் ஓரத்தில் பாதிக் கீரை இருந்தது.

தங்கை அதைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். பரீட்சையில் விடை தெரியாத பிள்ளை மாதிரி அவர் நின்றார். பதினாறு வருடமாகக் காதைக் கிழித்த குரல் கிசுகிசுப்பாக வந்தது.

"கீரை..." என்றார். "கொஞ்சம் கசக்குதும்மா. தண்டு முத்தலா இருந்துருக்கும்போல. எனக்கு... எனக்குப் பிடிக்கல."

நான் கரண்டியை எடுத்தேன். கசப்புக்கு எத்தனை அடி என்று நாங்கள் பேசி வைத்ததே இல்லை. கையை அப்படியே நிறுத்திக்கொண்டேன்.

தங்கையின் கண் நிறைந்துவிட்டது. ஆனால் முகம் முழுக்கச் சிரிப்பு.

"பதினாறு வருஷத்துல இன்னைக்குத்தாங்க நீங்க என் சமையலச் சாப்பிட்டிருக்கீங்க" என்றாள்.

அந்தத் தட்டை நான் வாங்கக் கை நீட்டினேன். அவள் முந்திக்கொண்டு அவர் கையிலிருந்து வாங்கிவிட்டாள். குழாயைத் திறந்து அவளே கழுவினாள்.